ரெமாகன் பாலம்

ஆற்றுக்குக் குறுக்கே பாலம் அமைப்பவன் இரு கரையிலும் வாழும் மக்களுக்கு உறவு அமைக்கின்றான். உழவனும் வணிகனும், பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் அதன் வழியே சென்று மீள்கின்றனர். ஆயினும் போர் மூண்டுவிட்டால் அப்பாலமே பகையின் வாயிலாகிவிடுகின்றது. பின்வாங்கும் சேனைக்கு அது உயிர்வழி. துரத்தி வரும் சேனைக்கு அது வெற்றிவழி. காலையில் அதைக் கண்ணெனக் காத்து நின்றவனே மாலையில் அதைத் தகர்க்க வேண்டியவனாகின்றான். எந்தக் கணம் வரையில் காப்பது, எந்தக் கணத்தில் தகர்ப்பது என்பதை முடிவு செய்யும் பொறுப்பு, பல வேளைகளில், களத்தில் நிற்கும் ஓர் எளிய அதிகாரியின் தலையில் விழுகின்றது.

பாலத்துக்காக நடந்த போர்களை ஆங்கிலத் திரையுலகம் பலமுறை படமாக்கியுள்ளது. அவற்றுள் 1969-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி பிரிட்ஜ் அட் ரெமாகன்' என்னும் படம் ஒன்று. ஆலந்து நாட்டின் ஆர்னெம் பாலத்தைப் பற்றி 1977-இல் வந்த 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' பெற்ற பெரும்புகழை இது பெறவில்லை. எனினும் இப்படத்துக்குப் பின்னே நிற்கும் உண்மை வரலாறு படத்தினும் வியப்பானது, படத்தினும் துயரமானது. அவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலம் பிறந்த கதை

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்வது ரைன் நதி. பான், கோப்ளென்ஸ் ஆகிய நகரங்களுக்கு இடையே அதன் மேற்குக் கரையில் அமைந்த சிறு நகரம் ரெமாகன். நேர் எதிரே, கிழக்குக் கரையில், எர்ப்பெல் என்னும் ஊர். அவ்வூரையொட்டிக் கருங்கல் மலைமுகடு ஒன்று செங்குத்தாக எழுந்து நிற்கின்றது. முதல் உலகப் போரின்போது, 1916-க்கும் 1918-க்கும் இடையில், இவ்விரண்டு ஊர்களையும் இணைத்து ஒரு இருப்புப்பாதைப் பாலம் கட்டப்பட்டது. ஜெர்மனியிலிருந்து பிரான்சுப் போர்முனைக்குப் படைகளையும் தளவாடங்களையும் விரைந்து அனுப்புவதே அதன் நோக்கம். கட்டும் பணியில் ருஷ்யப் போர்க்கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர். அக்காலத்தில் ஜெர்மன் சேனையை நடத்திய தளபதி லூடென்டார்ஃபின் பெயரே பாலத்துக்குச் சூட்டப்பட்டது.

பாலத்தின் நீளம் 325 மீட்டர். அதன்மேல் இரண்டு இருப்புப்பாதைகளும் நடந்து செல்வோர்க்கு வழியும் இருந்தன. இரு முனைகளிலும் கோட்டை வாயில் போல் இரண்டிரண்டு கற்கோபுரங்கள் நின்றன. கிழக்கு முனையில் பாதை நேரே மலைக்குள் புகுந்து, ஒரு சுரங்க வழியாக வெளியேறியது. தேவை நேர்ந்தால் பாலத்தைத் தகர்ப்பதற்கென்று தூண்களுக்குள்ளேயே வெடிமருந்து வைக்கும் அறைகளையும் அமைத்திருந்தனர். முதற்போருக்குப் பின் அப்பகுதியில் தங்கிய பிரெஞ்சுப் படையினர் அந்த அறைகளைச் சிமென்டால் அடைத்துவிட்டுச் சென்றனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அச்சிமென்டு எத்தகைய விளைவைத் தரப்போகின்றது என்பதை அன்று யார் அறிவார்?

அச்சம் விதித்த ஆணை

இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டம். 1945-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கப் படைகளும் பிரிட்டிஷ் படைகளும் மேற்கிலிருந்து ஜெர்மனிக்குள் நுழைந்துவிட்டன. அவற்றின் எதிரே அகழிபோல் கிடந்தது ரைன் நதி. நெப்போலியன் காலத்துக்குப் பின் எந்தப் பகைவர் சேனையும் அதைப் போரிட்டுக் கடந்ததில்லை. ஜெர்மானியர் ரைன் மீதிருந்த பாலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்த்துக்கொண்டே பின்வாங்கினர்.

எளிய வேலை போலத் தோன்றும் இத்தகர்ப்பில் ஒரு சிக்கல் இருந்தது. 1944 அக்டோபர் 14-ஆம் நாள் கொலோன் நகரில் ஒரு பாலத்தருகே அமெரிக்க விமானக் குண்டு விழ, அதில் முன்கூட்டியே வைத்திருந்த ஜெர்மன் வெடிமருந்து தானே வெடித்துப் பாலம் ஆற்றில் வீழ்ந்தது. சினங்கொண்ட ஹிட்லர் கடுமையான ஆணை பிறப்பித்தான். பகைவர் 8 கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்த பின்னரே வெடிமருந்து பொருத்த வேண்டும். பொறுப்பான அதிகாரி எழுத்து மூலம் கட்டளை தந்த பின்னரே வெடிக்க வேண்டும். முந்தித் தகர்த்தாலும் இராணுவ விசாரணை. பிந்தித் தகர்த்தாலும் இராணுவ விசாரணை!

இந்த ஆணையின் கொடுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கரையில் இன்னும் தம் வீரர்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றனர். பாலத்தை இப்போதே தகர்த்தால் அவர்களைப் பகைவனிடம் விட்டவன் ஆவான் அதிகாரி. சற்றுப் பொறுத்தால் பகைவனுக்கு வழிவிட்டவன் ஆவான். முன்னே சென்றால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும் என்னும் நிலை அது. அத்தகைய நிலையில் நிற்பவன் போரை எண்ணுவானா, தன் தலையை எண்ணுவானா?

1945 மார்ச் 7

அன்று காலையில் ரெமாகனைக் காக்கும் பொறுப்பு காப்டன் வில்லி பிராட்கே என்பவரிடம் இருந்தது. அவருக்கென்று இருந்த படை 36 பேர் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் காயமுற்று உடல்தேறி வந்தவர்கள். பாலத்தைத் தகர்க்கும் பொறுப்பு பொறியியல் படையைச் சேர்ந்த காப்டன் கார்ல் ஃபிரீசன்ஹானிடம் இருந்தது. அவர் 600 கிலோ இராணுவ வெடிமருந்து கேட்டிருந்தார். வந்து சேர்ந்ததோ 300 கிலோ. அதுவும் சுரங்கத் தொழிலுக்குப் பயன்படும் வலிமை குறைந்த டொனாரிட் என்னும் மருந்து. தூண்களிலிருந்த அறைகள் சிமென்டால் அடைபட்டிருந்தமையால், மருந்தை வேறிடங்களில் பொருத்த வேண்டியதாயிற்று.

இந்தக் குழப்பம் போதாதென்று, முந்திய இரவில் மேலிடம் பாலத்தின் பொறுப்பைப் புதியதொரு படைத்தலைமையிடம் மாற்றியிருந்தது. அதன் சார்பில் மேஜர் ஹான்ஸ் ஷெல்லர் என்பவர் முற்பகல் 11 மணிக்குப் பின்னரே ரெமாகன் வந்து சேர்ந்தார். ஊரையும் பாலத்தையும் அவர் அறியார். அங்குள்ள வீரர்களையும் அறியார். வந்து இரண்டு மணி நேரம் ஆவதற்குள் பகைவர் மலைமேல் தோன்றிவிட்டனர்.

மலைமேல் தோன்றியவர்கள் அமெரிக்காவின் 9-ஆம் கவசப் படைப்பிரிவினர். பகல் ஒரு மணியளவில் அவர்கள் கீழே நோக்கியபோது தங்கள் கண்களையே நம்பவில்லை. ரைன் மீது ஒரு பாலம் முழுமையாக நிற்கின்றது! ஜெர்மானியர் வண்டிகளும் வீரர்களும் அதன் மீது நெருக்கியடித்துச் சென்றுகொண்டிருக்கின்றனர். அப்படையின் ஒரு பகுதியை நடத்தி வந்த தளபதி வில்லியம் ஹோஜுக்கு வந்திருந்த கட்டளை தெற்கே திரும்பி, ஆர் என்னும் சிற்றாற்றைக் கடந்து, பாட்டனின் சேனையோடு சேர்வதேயாகும். ரைனைக் கடக்க அவருக்கு யாரும் ஆணையிடவில்லை.

ஹோஜ் கணக்கிட்டுப் பார்த்தார். வீரர்கள் பாலத்தின் மீது செல்லும்போது அது தகர்க்கப்பட்டால் ஒரு சிறு அணி அழியும். அவர்கள் கடந்து சென்றபின் தகர்க்கப்பட்டால் ஒரு பட்டாளம் அக்கரையில் சிக்கும். பாலம் கிடைத்துவிட்டாலோ போரின் போக்கே மாறும். மேலிடத்தின் இசைவுக்குக் காத்திராமல், பாலத்தைப் பிடிக்குமாறு கட்டளையிட்டார்.

முன்னணியில் சென்ற கம்பெனியின் தலைவர் லெப்டினன்ட் கார்ல் டிம்மர்மன். அப்பதவி அவருக்குக் கிடைத்தது முந்திய இரவில்தான். அமெரிக்கத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் மகனாக 1922-இல் பிறந்தவர் அவர். பிறந்த ஊர் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட். தாய் பிறந்த மண்ணின் காவலை உடைக்க மகனே முதலில் செல்ல நேர்ந்த விந்தையை என்னென்பது!

பிற்பகல் 3 மணி கடந்தது. மேற்கு முனையில் வைத்திருந்த வெடியை ஜெர்மானியர் வெடித்தனர். டாங்கிகள் ஏற முடியாதபடி பெரும் பள்ளம் விழுந்தது. ஆயினும் பாலத்தைத் தகர்க்கும் முக்கியக் கட்டளை இன்னும் வரவில்லை. பீரங்கிப் படையொன்று கடந்து வரட்டும் என்று ஷெல்லர் பொறுத்திருந்தார். பிராட்கே சுரங்க வழிக்குள் ஓடி அவரிடம் இசைவு பெற்றுத் திரும்பினார். அப்போது ஃபிரீசன்ஹான் அந்தக் கட்டளையை எழுத்தில் தருமாறு கேட்டார். எதிர்க்கரையில் டாங்கிகள் சுடுகின்றன. இக்கரையில் அதிகாரிகள் கட்டளையின் வாசகத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்வதில் ஈடுபட்டிருக்கின்றனர். அவர்களைப் பழிப்பது எளிது. ஆனால் எழுத்தில்லாமல் செயல்பட்டவனுக்கு என்ன நேரும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

ஃபிரீசன்ஹான் திறவுகோலைத் திருப்பினார். ஓசை எழவில்லை. மீண்டும் திருப்பினார். அப்போதும் இல்லை. மின்கம்பி எங்கோ அறுந்துவிட்டது. கையால் திரி கொளுத்த யார் செல்வீர் எனக் கேட்டபோது, ஒரு வீரர் முன்வந்தார். குண்டுமாரிக்கு நடுவே ஓடித் திரியைக் கொளுத்திவிட்டுத் திரும்பினார். பெருமுழக்கம் எழுந்தது, மரத்துண்டுகள் பறந்தன, பாலம் தன் தூண்களினின்று சற்றே உயர்ந்தது. புகை கலைந்தபோது கண்டது என்ன? உயர்ந்த பாலம் மீண்டும் தன் இடத்திலேயே அமர்ந்து நின்றது! வைத்த மருந்தில் ஒரு பகுதியே வெடித்தது. வெடித்ததும் வலிமை குன்றிய மருந்து.

டிம்மர்மன் தம் வீரர்களை அழைத்துக்கொண்டு பாலத்தில் புகுந்தார். அடுத்த கணம் காலடியில் பாலம் இருக்குமா என்று அவர்களில் ஒருவரும் அறியார். லெப்டினன்ட் ஹியூ மாட்டும் அவருடைய பொறியியல் வீரர்களும் வழியெங்கும் வெடிகம்பிகளை அறுத்துக்கொண்டே உடன் சென்றனர். ஸார்ஜண்ட் ஜோசஃப் டிலீஸியோ கோபுரத்தில் ஏறி அங்கிருந்த இயந்திரத் துப்பாக்கியை அடக்கினார். ஸார்ஜண்ட் அலெக்சாண்டர் டிராபிக் எல்லோர்க்கும் முன்னே ஓடி அக்கரையில் முதலில் கால் வைத்தார். அதிகாரிகளில் முதலில் கடந்தவர் டிம்மர்மன். அப்போது மாலை 4 மணி. சுரங்க வழிக்குள் வீரர்களோடு ஊர்ப் பெண்டிரும் பிள்ளைகளும் அடைக்கலம் புகுந்திருந்தனர். மேலும் போரிட வழியின்றிப் பிராட்கேயும் ஃபிரீசன்ஹானும் சரணடைந்தனர்.

நால்வருக்கு நேர்ந்த கதி

அமெரிக்கப் படைகள் கிடைத்த வாயிலை நழுவவிடவில்லை. அன்றிரவு பாலத்தில் விழுந்திருந்த ஒரு துளையில் கனத்த வண்டியொன்று சிக்கிப் பல மணி நேரம் வழியை அடைத்துக்கொண்டது. எனினும் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 8,000 வீரர் அக்கரை சேர்ந்தனர். செய்தி கேட்ட ஐசன்ஹோவர் பெரும் மகிழ்ச்சி கொண்டு, மேலும் படைகளை அனுப்ப இசைந்தார். கட்டளையைக் கடந்து துணிந்த ஹோஜை யாரும் தண்டிக்கவில்லை. டிம்மர்மனுக்கும் டிராபிக்குக்கும் வீர விருதுகள் வழங்கப்பட்டன.

மறுகரையில் நடந்தது வேறு. ஹிட்லர் மேற்கு முனையின் முதுபெருந் தளபதி ருன்ட்ஸ்டெட்டைப் பதவியினின்று நீக்கி, கெஸ்ஸல்ரிங்கை அமர்த்தினான். குற்றவாளிகளைத் தேடித் தண்டிப்பதற்கென்றே, தளபதி ரூடால்ஃப் ஹியூப்னரின் தலைமையில், ஊர் ஊராகச் செல்லும் விசேஷ இராணுவ நீதிமன்றம் ஒன்றை ஏற்படுத்தினான். குற்றஞ்சாட்டியவரே நீதிபதியாகவும் அமர்ந்த மன்றம் அது. எதிர்வாதம் செய்ய வழக்கறிஞர் இல்லை. ஷெல்லர் தொலைபேசி அறுந்த நிலையில் மேலிடத்துக்கு நேரில் செய்தி சொல்லச் சுரங்கத்தினின்று வெளியேறியவர். அச்செயலே கோழைத்தனம் என்று தீர்ப்பாயிற்று. மேஜர் ஸ்ட்ரோபெல், மேஜர் கிராஃப்ட் என்னும் இருவர் பாலத்தருகே இல்லாதவர்கள். அவர்களும் குற்றவாளிகள் ஆயினர். லெப்டினன்ட் பீட்டர்ஸ் என்பவர் விமான எதிர்ப்புப் படையைச் சேர்ந்தவர். தம்மிடமிருந்த புதிய ஆயுதத்தைப் பகைவர் கையில் விட்டார் என்பது அவர்மீது குற்றம். மார்ச் 13, 14 ஆகிய இரு நாள்களில் இந்நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிராட்கேக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் அமெரிக்கர் சிறையில் இருந்தமையால் உயிர் பிழைத்தார். பகைவனின் சிறையே அவருக்குப் பாதுகாப்பாயிற்று. ஃபிரீசன்ஹான் குற்றமற்றவர் எனப்பட்டார்.

மருந்தைக் குறைத்து அனுப்பியவர் யார்? ஒரே இரவில் தலைமையை மாற்றியவர் யார்? எழுத்தில் கட்டளை வேண்டும் என்று விதித்தவன் யார்? இக்கேள்விகளை அந்த மன்றம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விரல் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். அச்சத்தை வைத்து ஆளும் அரசு தன் பிழையை ஒருபோதும் தன்னிடம் தேடுவதில்லை.

பாலத்தின் முடிவு

பாலத்தை எவ்வாறேனும் வீழ்த்திவிட ஜெர்மானியர் முயன்றனர். ஜெட் விமானங்களை ஏவினர்; பெரும் பீரங்கிகளால் சுட்டனர்; வெடிமருந்தோடு நீந்திச் செல்லும் வீரர்களை ஆற்றில் இறக்கினர். மார்ச் 17-இல் தம் நாட்டு மண்ணின் மீதே வி-2 ராக்கெட்டுகளை ஏவினர். ஒன்றும் பலிக்கவில்லை. ஆனால் அதே நாள் பிற்பகல், அமெரிக்கப் பொறியியல் வீரர்கள் பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாலம் தானாக முறிந்து ஆற்றில் சரிந்தது. 28 வீரர்கள் மாண்டனர். முதல் வெடியில் ஏற்பட்ட காயத்தோடு பத்து நாள் பாரம் சுமந்த இரும்பு அதற்கு மேல் தாங்கவில்லை. அதற்குள் 25,000 வீரர்கள் அதன் வழியே சென்றுவிட்டனர். அருகில் மிதவைப் பாலங்களும் அமைந்துவிட்டன. இரண்டு மாதத்துக்குள் ஐரோப்பாவில் போர் முடிவுற்றது.

திரையில் ரெமாகன்

போரின்போது இராணுவ வரலாற்றாசிரியராகப் பணிபுரிந்த கென் ஹெக்லர் இருதரப்பு வீரர்களையும் கண்டு விசாரித்து 1957-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதைத் தழுவியே, டேவிட் வோல்ப்பர் தயாரிக்க, ஜான் கில்லர்மின் இயக்கினார் இப்படத்தை. பெயர்கள் மாற்றப்பட்டன. டிம்மர்மனின் இடத்தில் ஹார்ட்மன் என்னும் லெப்டினன்டாக ஜார்ஜ் சீகல் நடித்தார். ஷெல்லரின் சாயலில் குரூகர் என்னும் மேஜராக ராபர்ட் வான் நடித்தார். படத்தில் குரூகர் அக்கரையில் சிக்கிய தம் வீரர்களைக் காக்கவே தகர்ப்பைத் தாமதிக்கின்றான். முடிவில் தன் நாட்டவராலேயே சுடப்படுகின்றான். சாகும் முன் வானில் விமான ஓசை கேட்டு, அவை யாருடையவை என வினவுகின்றான். பகைவருடையவை என்று விடை வருகின்றது. பகைவர் யார் என்னும் ஐயமே அவனது இறுதி எண்ணமாகின்றது. மூன்றாண்டு முயன்றாலும் ஒரு வரலாற்று நூல் இதனைவிடச் சுருக்கமாக அந்த அநீதியை உணர்த்திவிட முடியாது.

படம் எடுத்த இடத்திலும் வரலாறு குறுக்கிட்டது. உண்மைப் பாலம் அழிந்துபோனமையால், செக்கோஸ்லோவாகியாவில் வல்டாவா ஆற்றங்கரையிலுள்ள டாவ்லே என்னும் ஊர்ப் பாலத்துக்குப் போலிக் கோபுரங்கள் கட்டி 1968-இல் படப்பிடிப்பு நடத்தினர். ஆகஸ்டு 20-ஆம் நாள் இரவு சோவியத் டாங்கிகளும் அதன் நேச நாட்டு டாங்கிகளும் அந்நாட்டுக்குள் புகுந்தன. நடிப்புக்காகக் கொண்டுவந்த டாங்கிகளை விட்டுவிட்டு, உண்மை டாங்கிகளுக்கு அஞ்சிப் படக்குழுவினர் வாடகைக் கார்களில் ஆஸ்திரியாவுக்கு ஓடினர். எஞ்சிய காட்சிகள் மேற்கு ஜெர்மனியிலும் இத்தாலியிலும் எடுக்கப்பட்டன. பழைய படையெடுப்பு ஒன்றை நடித்துக்கொண்டிருந்தவர்களைப் புதிய படையெடுப்பு துரத்தியது.

படம் காட்டாதன இரண்டு உண்டு. ஒன்று, ஷெல்லரின் பெயர் மீண்ட கதை. 1967-இல் லாண்டவ் நகர நீதிமன்றம் அவர்மீது விழுந்த பழியைத் துடைத்தது. இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்த நீதி அது. எனினும் அவர் குடும்பத்தார் தலைநிமிர அது உதவியது. வென்றவரான டிம்மர்மனும் நெடுநாள் வாழவில்லை; 1951-இல் புற்றுநோயால் மறைந்தார்.

மற்றொன்று, கோபுரங்களின் கதை. பாலம் மீண்டும் கட்டப்படவில்லை. ஆற்றின் நடுவே நின்ற தூண்கள் 1976-இல் அகற்றப்பட்டன. அப்போது ரெமாகன் நகர மேயராயிருந்த ஹான்ஸ் பீட்டர் கியூர்ட்டன் அத்தூண்களின் கற்களைச் சிறு துண்டுகளாக்கி, நினைவுப் பொருள்களாக விற்கச் செய்தார். அந்தப் பணத்தைக் கொண்டு மேற்குக் கரைக் கோபுரங்களில் ஓர் அமைதிக் காட்சியகம் நிறுவப்பட்டு, 1980 மார்ச் 7-ஆம் நாள் திறக்கப்பட்டது. ருஷ்யக் கைதிகளும் சேர்ந்து கட்டிய பாலம், இரு நாட்டு வீரர்களையும் காவுகொண்டு அழிந்து, தன் கற்களை விற்று அமைதியைப் போற்றுகின்றது.

இப்படத்தைக் காணும் வாய்ப்பு நம் அன்பர்களுக்குக் கிடைக்குமாயின், பாலத்தின் மீது ஓடும் வீரர்களைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாமல், சுரங்க வாயிலில் கட்டளையை எழுதிக்கொண்டிருந்தவர்களையும் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நலம். ஒரு பக்கத்தில் கீழிருந்தவன் துணிந்து முடிவெடுக்க, மேலிருந்தவர் அதை ஏற்றனர். மறுபக்கத்தில் கீழிருந்தவன் முடிவெடுக்க அஞ்சினான். அஞ்சியும் பயனின்றி மாண்டான். ஒரு நாட்டை நடத்துவோர்க்கும், ஓர் அலுவலகத்தை நடத்துவோர்க்கும், ஏன், ஒரு சங்கத்தை நடத்துவோர்க்கும்கூட ரெமாகன் தரும் பாடம் இதுவே.